முளைக்காது என்று சொன்ன வாய்

பொருநை பாய்ந்து பொலிவு பெற்ற இந்த வடக்குமடை மண்ணில், அம்மன் கொடைக்குக் கால்நாட்டிய நாள் மேடையின் அவைத்தலைவராக அமர்ந்திருக்கும் மகளிர் குழுத் தலைவி, பெருமதிப்பிற்குரிய அருணாசலவடிவு அம்மையார் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட கோயில் கமிட்டிச் செயலாளர் சங்கரலிங்கம் அவர்களே! மூட்டுவலியைப் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட முதியோர்களே! வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து வேர்வை காயாமல் வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே! துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து, சட்டையில் நிலக்கரித் தூசியோடு நிற்கும் தோழர்களே! மடியில் பிள்ளையையும் மனசில் அடுப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! மைக்செட் தம்பி சுந்தரராஜ் அவர்களே! (அவரை விட்டுவிட்டால் என் குரல் உங்களுக்கு வராது.) உங்கள் அத்தனை பேருக்கும் சாத்தான்குளத்து ஜெயஷீலாவின் பணிவான மாலை வணக்கம்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிறவள். அப்படிப்பட்டவளை அம்மன் கொடைக்குக் கூப்பிடலாமா என்று கமிட்டியில் யாரோ கேட்டார்களாம். யார் என்று நான் சங்கரலிங்கம் அவர்களைப் பார்த்துச் சொல்லப் போவதில்லை. அதற்குத் தலைவரம்மா ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கிறார்கள்: "அவ பேசத்தான வாரா, தீச்சட்டி எடுக்கவா வாரா?" விஷயம் முடிந்தது. வந்துவிட்டேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'முளைத்தல்'. ஒரே ஒரு சொல். போஸ்டரில் கரகாட்டத்துக்குப் பெரிய எழுத்து, எனக்குச் சின்ன எழுத்து. அது நியாயம்தான். முளை என்பதே சின்னதுதானே. ஆனால் இந்தச் சின்னச் சொல்லை விட்டுவிட்டு நம்மால் ஒரு நாளாவது பேச முடியுமா?

பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. பையனுக்கு மீசை முளைக்கிறது. கிழக்கே வெள்ளி முளைக்கிறது. பைபாஸ் ரோட்டோரம் நேற்று வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் இன்று பரோட்டாக் கடை முளைக்கிறது. காலேஜ் போன பிள்ளை எதிர்த்துப் பேசினால் இறக்கை முளைத்துவிட்டது என்கிறோம். எதிர்வீட்டுக்காரர் கார் வாங்கிவிட்டு நம்மைப் பார்க்காமல் போனால், இவனுக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது என்கிறோம். கல்யாணத்தன்றைக்கு மட்டும் வருகிற சொந்தக்காரரை, நீங்க எங்கன இருந்து முளைச்சீங்க என்று கேட்கிறோம். வாழ்த்தவும் இந்தச் சொல், வையவும் இந்தச் சொல். வியக்கவும் இந்தச் சொல், விரட்டவும் இந்தச் சொல்.

ஆனால் இதன் சொந்த வீடு விதை. விதைக்குள் இருக்கும் உயிர் ஈரத்தில் விழித்து, தோலைக் கிழித்து, வெளியே வருவதற்குப் பெயர் முளைத்தல். அது முதலில் எந்தப் பக்கம் வருகிறது? நாம் பச்சையைப் பார்த்த பிறகுதான் முளைத்துவிட்டது என்கிறோம். விதைக்கு முதலில் வருவது வேர். மேலே ஒன்றுமே தெரியாதபோதே கீழே வேலை ஆரம்பித்துவிடுகிறது. பனங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். புதைத்த கொட்டை முளையைக் கீழ்நோக்கி மண்ணுக்குள் விடுகிறது. அதைத் தோண்டி எடுத்து, மஞ்சள் போட்டு அவித்து, பொங்கலுக்குக் கடித்துத் தின்றுவிட்டு, கிழங்கு என்று பேர் வைத்துவிட்டோம். நாம் தின்றது ஒரு பனையின் முளை. இந்தத் தேரிக்காட்டுப் பக்கத்து ஆட்களுக்கு முளை தின்கிற பழக்கம் எந்த டாக்டரும் சொல்லி வந்ததில்லை.

அதோ கையைத் தூக்குகிறார்கள். சொல்லுங்கள் செல்லக்கிளி அம்மா. "உருளைக்கெழங்கு முளைச்சா திங்கலாமா டீச்சர்?" பச்சை ஏறி முளைத்ததைத் தின்னாதீர்கள். மற்றதை இன்னொரு நாள் பேசுவோம். சமையல் வகுப்புக்கு என்னைவிட நல்ல ஆட்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். முளைத்தால் எப்போதும் சந்தோஷமா? நெல்லை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு மூடி, மூட்டையைத் தொட்டுப் பார்த்து, "முளை கட்டிட்டு" என்று சொல்லும்போது வீடே சிரிக்கிறது. அதே நெல் விளைந்து, அறுப்பு நேரத்தில் மழை பிடித்து, சாய்ந்து கிடக்கிற கதிரைத் தூக்கிப் பார்த்து, "முளைச்சுட்டு" என்று சொல்லும்போது அதே வீட்டில் அடுப்பு எரிவதில்லை. துறைமுகத்துத் தோழர்களைக் கேளுங்கள். கப்பலில் தண்ணீர் இறங்கிப் பயறு முளைத்துவிட்டால் அங்கே யாரும் கும்மி அடிப்பதில்லை. ஒரே சொல்தான். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்படி ஒரு இடத்தில், ஒரு நேரத்தில், ஒரு ஆளைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொன்ன கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். நடந்த இடம் இந்த ஊர். நடந்த காலம் போன கொடை. தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாதீர்கள், மேடையிலிருந்து எல்லாம் தெரிகிறது.

முளைப்பாரி போடுவதற்கு இந்த ஊரில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறீர்கள். கொடைக்கு முன்னால் தட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை பயறு தருவார்கள். அதை விதை என்று சொல்ல மாட்டீர்கள், முத்து என்பீர்கள். சங்கு குளித்து முத்தெடுத்த கடற்கரையில் பயறுக்கும் முத்து என்று பேர் வைத்த உங்கள் தாராளத்தை மெச்சுகிறேன். எல்லா வீட்டு முத்தையும் ஒன்றாகக் கலந்து, மண்ணும் எருவும் போட்ட சட்டிகளில் பரப்பி, கோயிலுக்குப் பின்னால் உள்ள இருட்டறையில் வைத்து, ஒரு பெண் விரதம் இருந்து தண்ணீர் தெளிப்பாள். நெடுநெடுவென்று வளர்ந்தால் ஊருக்கு நல்லது. வளராவிட்டால்?

போன கொடைக்கு அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கியவள் சரண்யாதேவி. இந்த ஊருக்கு வாழ வந்த மருமகள். துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. கணவர் பாண்டியராஜ், கன்டெய்னர் லாரி டிரைவர். கல்யாணமாகிச் சில வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதற்காகத்தான் நேர்ந்துகொண்டு சட்டியைக் கேட்டு வாங்கினாள். வேலை முடிந்து வந்து, குளித்து, ஈரச் சேலையோடு அந்த அறைக்குள் போய்த் தண்ணீர் தெளித்தாள். செருப்புப் போடவில்லை. மீன் வாடை பக்கம் போகவில்லை. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவள் மீன் வாடையைத் தவிர்ப்பது எவ்வளவு பெரிய விரதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கும்மி பாட வந்த பெண்கள் கதவைத் திறந்தார்கள். சட்டியெல்லாம் மண்ணாகவே இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏதோ வெளிறிப்போய் எட்டிப் பார்த்தது. மற்றதெல்லாம் ஊறி, உப்பி, நாற்றம் எடுத்திருந்தது. வந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அப்போது அந்தக் கூட்டத்தில், ஊரில் மதிப்பான ஓர் அம்மா, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்கள்:

"அவ கையில எதுவும் முளைக்காதுன்னு எனக்கு அப்பமே தெரியும்."

கேட்டீர்களா? பயறைப் பார்த்துப் பேச வேண்டிய சொல்லை அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசினார்கள். பயறை மட்டுமா சொன்னார்கள்? அவள் எதற்காக நேர்ந்துகொண்டாள் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். முளைக்கவில்லை என்றால் கண்ணால் பார்த்ததைச் சொன்னதாக ஆகும். முளைக்காது என்றால் யார் வந்து சொன்னது? அம்மன் சொன்னாளா, ஆத்தூர் ஜோசியர் சொன்னாரா?

அந்த வார்த்தை அன்றைக்குள் ஊர் முழுக்கச் சுற்றியது. அவளிடமிருந்து சட்டியை வாங்கிவிட வேண்டும், கொடை முடியும்வரை அவள் கோயில் படி ஏறக் கூடாது என்று பேச்சு வந்தது. கமிட்டி கூடியது.

சரண்யாதேவி கூட்டத்தில் அழவில்லை. வீட்டில் அழுதாளா என்று எனக்குத் தெரியாது, பாண்டியராஜுக்குத் தெரியும். கமிட்டி முன்னால் வந்து நின்று இப்படிச் சொன்னாள்: "எந்த வீட்டுப் பயறுன்னு பாக்காம எல்லாத்தையும் கலந்துட்டோம் அண்ணாச்சி. எங்க ஆபீஸ்ல இப்படிப் பண்ணினா வேலைய விட்டே தூக்கிருவாவ. வீட்டுக்கு ஒரு கை திரும்பத் தாங்க. தனித்தனியா முளை கட்டிப் பாத்துருவோம்."

துறைமுகத்தில் அதுதான் முறை. கப்பலில் சரக்கு வந்தால், ஒவ்வொரு பகுதியிலிருந்தும் தனித்தனியாக சாம்பிள் எடுத்து, தனித்தனிப் பையில் கட்டி, எங்கிருந்து எடுத்தது என்று மேலே குறித்து வைப்பார்கள். அவளுக்கு அது தினசரி வேலை.

நம் சங்கரலிங்கம் அவர்கள், "அம்மன் காரியத்தை ஆபீஸ் காரியமா ஆக்காத தாயீ" என்றார்கள். அவள், "அம்மனுக்காகத்தான் அண்ணாச்சி பாக்கச் சொல்லுதேன்" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது? பதில் இல்லாதபோது கமிட்டிகள் சம்மதித்துவிடும்.

வீடு வீடாகப் போனாள். சில வீட்டில் தந்தார்கள். சில வீட்டில், "நீ தொட்டு வாங்காத, கீழ வைக்கோம்" என்று வாசலில் வைத்தார்கள். குனிந்து எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டுவதற்குத் துணி போதவில்லை. பாண்டியராஜ் கொடியில் கிடந்த தன் புது வேட்டியை எடுத்துக் கிழித்தார். "ஏளா, கொடைக்குக் கட்ட வச்சிருந்தேன். இதுவும் கொடைக்குத்தானே" என்றாராம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் அந்த வேட்டிக்காரர்தான்.

ஒவ்வொரு முடிச்சிலும் வீட்டுக்காரர் பேரை மார்க்கரால் எழுதி, ஊறவைத்து, கோயில் மண்டபத்தில் எல்லோரும் பார்க்கும்படி கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டாள். மண்டபத்துக் கம்பிக் கதவின் சாவி கமிட்டியிடம். தண்ணீர் தெளித்தது பூசாரி. தொங்கவிட்ட பிறகு அவள் கைபடவே இல்லை. முளைக்க வேண்டிய நாள் ஆனதும் ஊர் கூடியது. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்கள். செயலாளர் வீட்டு முடிச்சு முளைக்கவில்லை. பூசாரி வீட்டு முடிச்சு முளைக்கவில்லை. ஆசிரியர் வீடு, முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் வீடு, மேலத்தெரு, கீழத்தெரு, அந்த வார்த்தையைச் சொன்ன அம்மா வீடு, ஒன்றும் முளைக்கவில்லை. ஏதோ ஒரு முடிச்சில் இரண்டொன்று மூக்கு நீட்டியிருந்தது. கடைசியில் அய்யாக்குட்டி வீட்டு முடிச்சை அவிழ்த்தார்கள். துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது, வெள்ளை வெளேரென்று, அத்தனையும்.

எல்லோரும் அய்யாக்குட்டி அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் வேர்த்துப் போய்விட்டார். "அது அம்மனுக்குள்ளது இல்ல தாயீ, ஆட்டுக்குள்ளது. அம்மனுக்குன்னு வாங்கின பாக்கெட் தீந்து போச்சு. கேட்டு வந்த பிள்ளைய வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு நம்ம வயல்ல வெளஞ்சு ஆட்டுக்கு வச்சிருந்த மூட்டைலருந்து அள்ளித் தந்தேன். மன்னிச்சுக்கிடணும்" என்றார்.

ஊருக்கு அப்போதுதான் புரிந்தது. வயலில் விளைந்த பயறு மண்ணும் தூசியுமாக இருக்கிறது, அதை அம்மனுக்குக் கொடுக்கலாமா என்று நினைத்து, எல்லோரும் கடையில் பளபளவென்று இருந்த பாக்கெட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். எங்கோ விளைந்து, கப்பல் ஏறி, எத்தனையோ கோடையைக் குடோனில் கழித்து, மினுமினுப்புக்கு எண்ணெய் தடவிய பயறு. ஆட்டுக்கு விதை, அம்மனுக்குப் பாக்கெட். யாரும் மோசம் செய்யவில்லை. பக்தியால் செய்தீர்கள். மரியாதையால் செய்தீர்கள். அதனால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடைக்காரர் சுடலைக்கண்ணு அண்ணாச்சியைப் போய்ச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அவர் கேட்டது நியாயம்: "கொழம்பு வைக்கதுக்குக் குடுத்த சரக்குல்லா அது. வெதைக்கதுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியளா?" அண்ணாச்சி அங்கே டியூப்லைட்டுக்கு அடியில் நிற்கிறார். நீங்கள் தாராளமாக முன்னால் வரலாம், இந்த வழக்கில் உங்களுக்கு விடுதலை.

பிறகு அய்யாக்குட்டி வீட்டு மூட்டையிலிருந்து அள்ளிப் புதிதாகச் சட்டி போட்டார்கள். நாள் போதாமல் குட்டையாக வளர்ந்த முளைப்பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள். குலவை விட்டார்கள். கொடை நிறைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போனார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டதா?

குற்றம் விதையுடையது என்று தெரிந்தது. விதையைத் தூக்கி எறிந்தீர்கள். அந்தச் சொல்லை யார் தூக்கி எறிந்தது? நாறிய பயறைக் குப்பையில் கொட்டத் தெரிந்த ஊருக்கு, நாறிய வார்த்தையைக் கொட்டத் தெரியவில்லையே. ஊர் கூடியிருக்கும்போது சொன்னது அது. ஊர் கூடியிருக்கும்போது எடுக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேர் அவளிடம் போய், "மனசுல வச்சிக்கிடாத" என்றார்கள். மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பாள்? அன்றைக்குக் கயிற்றிலிருந்து முடிச்சுகளை எடுத்துச் சுருட்டிக் கொடுத்துவிட்டு நடந்தவள்தான். முளைப்பாரி ஆற்றுக்குப் போனபோது அவள் போகவில்லை. இந்த வருஷம் சட்டி போட வா என்று கமிட்டி கூப்பிட்டதற்கும் பதில் சொல்லவில்லை. நாளைக் காலையில் முத்துத் தட்டு கிளம்ப வேண்டும். அதை யார் எடுப்பது என்று இந்த நிமிஷம்வரை முடிவாகவில்லை.

இந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். அந்த வார்த்தையைச் சொன்ன அம்மாவே போனில் சொன்னார்கள். "முளைக்கிறதுன்னா என்ன, முளைக்காதுன்னு ஒரு ஆளைப் பாத்துச் சொன்னா என்ன ஆகும்னு நீங்க வந்து மேடையில விளங்கச் சொல்லணும் டீச்சர். நான் சொன்னா எனக்கு வாய் வராது" என்றார்கள். பேரைச் சொல்லக் கூடாது என்று நானாகத்தான் முடிவு செய்தேன். பேர் எதற்கு? இன்றைக்கு அந்த வாய், நாளைக்கு என் வாய். ஆகவே தாய்மார்களே, சொல்லும் ஒரு விதைதான். நல்ல விதை முளைக்காமல் போனாலும் போகும். இந்த மாதிரிச் சொல் மட்டும் எந்தப் பாறையிலும்...

என்ன தலைவரம்மா? மைக்கா? இந்தாருங்கள்... வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. தலைவரம்மா எழுந்து நிற்கிறார்கள். சொல்கிறார்கள்: "பேரை மறைக்க வேண்டாம் டீச்சர். நாந்தான் சொன்னேன். ஊர் முன்னால நின்னுதான் சொன்னேன். அதான் இப்பமும் ஊர் முன்னால நிக்கேன்."

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம். அம்மா இன்னும் முடிக்கவில்லை. "ஏளா சரண்யா, தப்பு என் வாயில. என் வீட்டுப் பயறும் முளைக்கல, நான் சொன்ன வார்த்தையும் முளைக்கக் கூடாது. நாளைக்குத் தட்டு எடுத்து வருவியா? என் வீட்டு முத்தை வாங்குவியா?"

சரண்யாதேவி வந்திருக்கிறாளா? பெண்கள் பக்கம், தூண் ஓரம், பச்சைச் சேலை. எழுந்து நிற்கிறாள். நான் என்ன சொல்வது? நாற்பது நிமிஷம் பேசச் சொன்னாலும் பேசுகிறவள் நான். இப்போது பேச வேண்டியது அவள். சுந்தரராஜ் தம்பி, அந்தப் பக்கம் ஒரு மைக் கொண்டு போங்கள். வேண்டாமாம். அவள் குரலே கேட்கும், நீங்கள் அமைதியாக இருந்தால்.

கேட்டதா உங்களுக்கு? கேட்காதவர்களுக்கு ஒரு முறை நான் சொல்கிறேன், ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல்: "வாரேன் அத்தை. ஆனா உங்க வீட்டு முத்தை மட்டும் இன்னைக்கே தனியா ஒரு துணியில முடிஞ்சு ஊறப்போட்டு வைங்க. முளைச்சா சேத்துக்கிடுதேன்."

தலைவரம்மா சிரிக்கிறார்கள். கண்ணையும் துடைக்கிறார்கள். இப்போது கைதட்டலாம்.

நான் முடிக்க நினைத்த இடம் வேறு. பெரிதாக ஒன்று எழுதிக்கூடக் கொண்டு வந்திருந்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டார்கள், கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள். எனக்கு மிஞ்சி இருப்பது நன்றி மட்டும்தான். கூப்பிட்ட தலைவரம்மாவுக்கு நன்றி. கேலியைப் பொறுத்துக்கொண்ட செயலாளருக்கு நன்றி. மைக்கை அணைக்காமல் இருந்த சுந்தரராஜுக்கு நன்றி. வேட்டி கிழித்த பாண்டியராஜுக்கு, இந்த மேடையில் எனக்குப் போர்த்திய இந்தச் சால்வையைத் தந்துவிட்டுப் போகிறேன்.

நாளைக் காலை தட்டு உங்கள் வாசலுக்கு வரும். பாக்கெட்டைத் தேடாதீர்கள். ஆட்டிடம் ஒரு வார்த்தை கேட்டு, ஒரு கை அள்ளிப் போடுங்கள். வடக்குமடைக்கு என் வணக்கம்.